ரிக்சியாவும் மண்ணுள் புதையும் தவளையும்

பட்டாபிராமில் ஐப்பசி மழை சேர்ந்தாற்போல் நாலு நாள் பெய்தால் போதும். காலி மனை ஓரங்களிலும் மதில் நிழலிலும் ரிக்சியா தலைகாட்டும். ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பச்சை வட்டம். பாசி என்று மிதித்துப் போகிறோம். குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு கிளையும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும், நடுவே ஒரு பள்ளம் ஓடும். முற்றிய செடியில் அந்தப் பள்ளத்தை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள். அத்தனையும் வித்துகள்.

அதே மழைக்கு ராத்திரியில் வெளியே வரும் ஸ்பெரோதீகா பிரெவிசெப்ஸ். உருண்டைத் தவளை. பின்னங்கால் அடியில் மண்வெட்டி போல ஒரு கெட்டிப் புடைப்பு; அதை வைத்துப் பின்பக்கமாகவே தோண்டி மண்ணுக்குள் இறங்கிவிடும். 1799-இல் ஷ்னைடர் என்பவர் இதற்குப் பெயர் வைத்தார். அவர் பார்த்த மாதிரி நம் தரங்கம்பாடியிலிருந்து போனது.

ரிக்சியாவின் கூட்டத்தைத் தாவர உலகின் நீர்நில வாழ்வன என்று பள்ளியில் படித்திருப்போம். பாதிதான் சரி. ரிக்சியா, தவளை இரண்டுக்கும் ஆண் செல் நீந்தியே முட்டையைச் சேர வேண்டும். இரண்டும் மேல்தோல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதுவரை ஒப்பலாம்.

ஆனால் தவளை தலைப்பிரட்டையாகக் குட்டையில் வளர்ந்து கரையேறுகிறது. ரிக்சியா பெரும்பாலும் முளைத்த மண்ணிலேயே முடிகிறது. தவளையின் உடம்பு முழுக்க இரட்டைத் தொகுதி, 26 குரோமோசோம். பெரும்பாலான ரிக்சியா இனங்களில் பச்சை உடம்புக்கு ஒற்றைத் தொகுதி, வெறும் 8. இரட்டைத் தொகுதி வாழ்க்கை அந்தப் பள்ளத்துக்குள் புதைந்த சின்னஞ்சிறு உறையோடு சரி. காம்பு இல்லை, பாதம் இல்லை, தானாக வெடிக்கவும் தெரியாது. தாய்ச்செடி மக்கினால்தான் வித்து வெளியே வரும். இவ்வளவு எளிய அமைப்பு தரைத்தாவரங்களில் அபூர்வம் என்றே சொல்வேன்.

கோடையில் தவளை ஆழம் தேடிப் போய்விடும். ரிக்சியாவுக்கு ஓட வழியில்லை. இருந்த இடத்திலேயே சுருண்டு காயும். சில இனங்களில் வளர்நுனி மட்டும் உயிரோடு கிடக்கும், மற்றபடி வித்துதான் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

2024-இல் டைடல் பார்க் திறந்த ஊர் பட்டாபிராம். மனைகள் வீடாவதை யாரும் தடுக்கப்போவதில்லை. மதிலை ஒட்டி ஓரடி மண்ணையாவது சிமென்ட் பூசாமல் விடுங்கள். இந்த இரண்டுக்கும் வேண்டியது அந்த ஈர மண்.