காரை ஓடையிலிருந்து நாகை துறைமுகம் வரை

காரை கிராமத்தைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம். சீமைக் கருவேலங்காடு ஓர் இடத்தில் நின்றுபோகிறது. அதற்கப்பால் நிலம் கிழிந்து கிடக்கிறது. மழைநீர் அரித்து அரித்துக் களிமண் மேடுகளை வரிவரியாக வகிர்ந்திருக்கிறது. ஓடைக்குள் ஓடை, அதற்குள் இன்னோர் ஓடை. காலடியில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் பளிச்சிடுகின்றன. பெரம்பலூர் மாவட்டத்தின் இந்த மூலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 100 கி.மீ. தூரம். ஆனாலும் நாங்கள் நின்றது கடலின் தரைமேல்தான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இந்தக் களிமண்.

உடன் வந்தவர் புவியியல் ஆய்வு மாணவர். பல மழைக்காலங்களாக இந்த ஓடைகளுக்குள் அலைகிறவர். "மேட்டைப் பாக்காதீங்கண்ணா. ஓடை திரும்புற எடத்துல பாருங்க. மழைத் தண்ணி கழுவி அங்கதான் கொண்டுவந்து போட்டிருக்கும்" என்றார். அவர் சொன்ன வளைவில் முதலில் கண்ணில் பட்டவை விரல் தடிப்புகூட இல்லாத, ஒரு பக்கம் கூரான பழுப்புக் கற்கள். பெலம்னைட். கணவாயின் தூரத்து உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த ஓட்டின் பின்முனை அது. அதன் முன்பகுதியில் கூம்பு வடிவில் அறைகள் இருந்திருக்கும்; அவை மெல்லியவை, பெரும்பாலும் நொறுங்கிப்போய்விடும். முன்பக்கம் மிதவை, பின்பக்கம் அதற்கு ஈடுகட்டும் எடை என்று அமைந்து, அந்த உயிர் சாயாமல் படுக்கைவாட்டில் நீந்த உதவிய கல் அது.

நான் தேடி வந்தது, அழிந்துபோன சுருளோட்டு உயிரான அம்மோனைட்டை. சிறிது நேரத்தில் அதுவும் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் சுருள், நடுவாக்கில் பிளந்தது. முழுசாகக் கிடைத்திருந்தால் வெளிப்புறத்து வரிகளை மட்டும் பார்த்துவிட்டு வைத்திருப்பேன். பிளந்திருந்ததால் உள்கட்டு முழுக்கத் தெரிந்தது. மையத்தில் புள்ளியளவாகத் தொடங்கி, வெளியே வரவரப் பெரிதாகும் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் இடையே காகிதத் தடிப்பில் ஒரு தடுப்புச் சுவர். உள்ளறைகள் எல்லாவற்றிலும் கால்சைட் படிகம் வெள்ளையாக விளைந்திருந்தது. கடைசி அறையில் மட்டும் படிகம் இல்லை, களிமண் நிறைந்திருந்தது.

"ஏன்னு தெரியுதாண்ணா?" என்றார் மாணவத் தம்பி. "கடைசி அறையிலதான் உசுரு இருந்துச்சு. வாய் தொறந்த அறை. செத்து அடியில விழுந்ததும் சேறு பூந்துடுச்சு. மத்ததெல்லாம் மூடுன அறை. சேறு போக வழியே இல்ல."

அம்மோனைட் ஓட்டைப் பற்றிப் பலரும் கொண்டிருக்கும் எண்ணம் அது ஒரு வீடு என்பது. நத்தை கூட்டுக்குள் இருப்பது மாதிரி, உயிர் சுருள் முழுக்க நிறைந்திருந்தது என்பது. உயிர் குடியிருந்தது கடைசி அறையில் மட்டுமே. அதற்குப் பின்னால் இருந்த அத்தனை அறைகளும் மிதப்பதற்காகக் கட்டப்பட்டவை. சதையும் சுண்ணாம்பு ஓடும் கடல்நீரைவிடக் கனமானவை. அந்தக் கனத்தைத் தூக்கிப்பிடிக்க வெற்றிடம் வேண்டும். அம்மோனைட்டும் கணவாயும் சேர்ந்த தலைக்காலிகள் என்ற வகுப்பு அரும்பிய காலத்திலேயே கண்டுகொண்ட வழி இது. தரையில்தான் ஊர்ந்து வாழவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து மெல்லுடலிகளை விடுவித்து நடுக்கடலுக்கு அனுப்பியது இந்த ஓடு. எலும்புள்ள மீன்கள் கடலை ஆள்வதற்கு வெகுகாலம் முன்பே அது நடந்துவிட்டது.

தம்பி தன் லென்ஸைக் கொடுத்து, சுருளின் வெளி விளிம்பை ஒட்டிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு தடுப்புச் சுவரும் விளிம்பைத் தொடும் இடத்தில் கருமையான ஒரு சிறு தடம். அறைக்கு அறை அதே இடத்தில் அது தொடர்ந்தது. அதுதான் சைஃபங்கிள், எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு முதல் அறை வரை போகும் ஒரு மெல்லிய குழாய். அம்மோனைட்டில் வெளி விளிம்போரம் ஓடும். இன்றும் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதியிலும் வாழும், இதேபோல் அறை ஓடு கொண்ட நாட்டிலஸில் சுவரின் நடுவாக ஓடும். மொத்த ஓட்டிலும் முக்கியமான உறுப்பு எது என்று கேட்டால் இந்தக் குழாயைத்தான் காட்டுவேன்.

அறைக்குள் காற்றை ஊதி நிரப்புவதில்லை. இதை 1960களில் தெளிவாக்கியவர்கள் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வகத்தில் இருந்த எரிக் டென்டனும் கில்பின்-பிரவுனும். உயிர் வளர வளர ஓட்டுக்குள் முன்னே நகர்கிறது. பின்னால் விட்டுவந்த இடத்தை உப்புத் திரவம் நிரப்புகிறது. அந்தத் திரவத்தின் தாங்கலில்தான் புதுச் சுவர் படிகிறது. சுவர் போதிய தடிப்பு அடைந்த பிறகே குழாய் வேலையைத் தொடங்கும். குழாயின் உயிரணுக்கள் திரவத்திலுள்ள உப்பை உறிஞ்சி ரத்தத்தின் பக்கம் தள்ளுகின்றன; உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. நீர் போன இடத்தில் ரத்தத்தில் கரைந்திருந்த வாயு தானாகக் கசிந்து சேர்கிறது. அந்த வாயுவின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைவிடவும் குறைவு. வெளியே கடல் நெருக்கும்போது அந்த வாயு துளியும் தாங்காது. அத்தனை சுமையையும் ஏற்பது ஓடும் சுவர்களும்தான்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. கடல்நீருக்கும் நன்னீருக்கும் இடையிலுள்ள சவ்வூடு அழுத்தம் சுமார் 24 வளிமண்டலம். அப்படியானால் சுமார் 240 மீட்டர் ஆழத்துக்குக் கீழே கடலின் அழுத்தம் வென்றுவிடும். உப்பை எவ்வளவு இறைத்தாலும் நீர் திரும்ப அறைக்குள் ஏறும். நாட்டிலஸோ அதைவிட ஆழத்திலும் வாழ்கிறது. விடை குழாயின் உயிரணுக்களுக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே மிக நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. உப்பை அந்தக் குறுகிய இடத்தில் குவிக்கும்போது அங்கே மட்டும் செறிவு ரத்தத்தைவிடப் பலமடங்கு உயர்கிறது, அதனால் ஆழத்திலும் நீரை இழுக்க முடிகிறது. கண்ணுக்கே தெரியாத இந்தக் கால்வாய்கள்தான் நூற்றுக்கணக்கான மீட்டர் நீரின் எடைக்கு எதிராக அறையை வற்றவைக்கின்றன. இந்த விவரத்தைப் படித்த நாள்முதல், ஓடையில் கிடக்கும் எந்தச் சுருளையும் வெறும் கல்லாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

நீர்மூழ்கிக் கப்பல் தொட்டிகளை நிரப்பியும் காலிசெய்தும் இறங்கி ஏறுவதுபோல நாட்டிலஸும் செய்கிறது என்று பல நூல்கள் எழுதிவிட்டன. அப்படியில்லை. ஓர் அறையை வற்றவைக்க வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். வளர்ச்சியால் ஏறும் எடையை ஈடுகட்டி, மூழ்காமலும் மேலெழாமலும் ஒரே நிலையில் தொங்குவதற்கான ஏற்பாடு அது. தினசரி ஏறி இறங்குவதெல்லாம் நீரைப் பீய்ச்சி நீந்தித்தான். அளவுக்கு மீறி ஆழத்துக்குப் போனால், சுமார் 800 மீட்டரில், ஓடு உள்நோக்கி நொறுங்கிவிடும்.

கையிலிருந்த சுருளை வெயிலுக்குத் திருப்பினேன். மேலோடு உதிர்ந்த இடத்தில், தடுப்புச் சுவர் ஓட்டோடு ஒட்டிய தடம் கோடாகத் தெரிந்தது. நாட்டிலஸில் அந்தக் கோடு எளிமையான வளைவு. இங்கே அது மடிந்து, கிளைத்து, கிளைக்குள் கிளை பிரிந்து ஓடியது. சுவரின் நடுப்பகுதி சாதாரணமாகத்தான் இருந்தது. விளிம்பை நெருங்க நெருங்க நெளிவு கூடியது. இந்த நெளிவு எதற்கு என்ற கேள்விக்கு 1836இல் வில்லியம் பக்லண்ட் ஒரு பதில் சொன்னார்: தட்டைத் தகரத்தைவிட நெளித்த கூரைத் தகரம் வலுவாக இருப்பது மாதிரி, கடலின் அழுத்தத்தைத் தாங்க. நெடுங்காலம் அதுவே பாடமாக இருந்தது. ஆனால் மிக நெளிந்த சுவர்கள் கொண்டவை எல்லாம் ஆழ்கடலில் வாழ்ந்தவையும் அல்ல. 2021இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சுவர்களை முப்பரிமாண அச்சில் வார்த்துச் சோதித்தார்கள். நெளிவு கூடக் கூட, பரப்பு இழுவிசையால் சுவர் அதிகத் திரவத்தைத் தன்மேல் பிடித்துவைத்தது. குழாய் விளிம்போரம் இருக்கிறது. வற்றவைக்க வேண்டிய திரவமோ அறை முழுக்கப் பரவியிருக்கிறது. ஈரத்தைப் பிடித்துக் குழாய்க்குக் கொண்டுவந்து சேர்க்க இந்த மடிப்புகள் உதவியிருக்கும் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. வலுவும் ஈரமும் ஒன்றையொன்று மறுப்பவையும் அல்ல. ஒரே மடிப்பு இரண்டையும் செய்திருக்கலாம்.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "நத்தையாட்டம் இருக்குமே, அந்தக் கல்லுதான தம்பி? எங்க சின்ன வயசுல எங்க திரும்புனாலும் கெடக்கும். இப்பதான் கார்ல வந்து பையோட அள்ளிக்கிட்டுப் போறாங்க." அவர் குரலில் இருந்த வருத்தம் நியாயமானது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தொல்லுயிரியல் நூல்வரிசையான பேலியான்டாலஜியா இண்டிகா 1861இல் தொடங்கியதே இந்த வட்டாரத்துத் தலைக்காலிகளைக் கொண்டுதான். முதலில் ஹென்றி பிளான்ஃபோர்டு, அடுத்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா எழுதினார்கள். 1890களில் ஃப்ரான்ஸ் கோஸ்மாட் மீண்டும் ஆராய்ந்தார். அவர் பெயரில் கோஸ்மாட்டிசெராஸ் என்றே ஓர் அம்மோனைட் பேரினம் உண்டு. உலகமே இந்த ஊர்ப் பெயர்களை வைத்துப் பாறைகளை அறிந்திருக்கும்போது, ஓடையில் ஒரு காவல்கூட இருக்கவில்லை. எடுத்த சுருளை எடுத்த வளைவிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

இங்கிருந்து கிழக்கே போகப்போகப் பாறையின் வயது குறைகிறது. இந்த நிலத்தின் பெரிய வசதி அது. வழியில் குன்னம். 2020இல் அங்கே உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள் அவை என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். அதற்கப்பால் அரியலூர், சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் புழுதி. நிற்காமல் கடந்தோம்.

செந்துறைப் பக்கம் நின்னியூர்ப் பாறைகளுக்கு வந்தபோது தம்பி வண்டியை நிறுத்தச் சொன்னார். பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, வெளிறிய சுண்ணாம்புக்கல். ஆனால் இது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவுக்குப் பிந்தைய படிவு. "இங்க எவ்வளவு தேடுனாலும் அம்மோனைட் கெடைக்காதுண்ணா. நாட்டிலஸ் வகைதான் கெடைக்கும்" என்றார். ஹெர்கோகுளோசா என்ற நாட்டிலஸ் உறவினம் இந்தப் பாறைகளில் பதிவாகியிருக்கிறது. ஒரே வகை அறை ஓடு, ஒரே குழாய். சுமார் 35 கோடி ஆண்டுகள் கடலில் செழித்த அம்மோனைட் கூட்டம் முழுக்க அழிந்தது, மற்றது தப்பியது. காரணத்தின் ஒரு பகுதி சுருளின் மையத்தில் இருக்கிறது. அம்மோனைட் குஞ்சு பொரித்து வரும்போது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். மேல்நீரில் மிதவை உயிர்களோடு சேர்ந்து அலைந்து பிழைக்கவேண்டும். நாட்டிலஸ் குஞ்சோ கிட்டத்தட்ட ஓராண்டு முட்டைக்குள் வளர்ந்து, ஏழெட்டு அறைகளோடு, 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட அளவில் வெளிவரும். மேல்நீரில் உணவு அற்றுப்போன காலத்தில் எது தாங்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

மறுநாள் விடியலில் நாகப்பட்டினம் துறைமுகம். ஏலம் முடிந்து, கூடைகள் நடைபாதையை அடைத்திருந்தன. ஊசிக் கணவாய் ஒரு பக்கம், ஓட்டுக் கணவாய் ஒரு பக்கம். சுத்தம் செய்துகொண்டிருந்த அக்காவிடம் ஒரு ஓடு மட்டும் கேட்டேன். "ஓடா? எதுக்கு தம்பி, கூண்டுக் குருவிக்கா? கீழ கெடக்கு பாரு, எத்தன வேணும்னாலும் எடுத்துக்க." சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் அதே பொருள்தான்.

அவர் கத்தியை வாங்கி ஓட்டை நீளவாக்கில் வகிர்ந்து, லென்ஸை வைத்துப் பார்த்தோம். மேலே கெட்டியான தகடு. அதன் அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் அடுக்கடுக்காக அறைகள். ஒவ்வோர் அறையின் தளத்துக்கும் கூரைக்கும் நடுவே நெருக்கமாக நட்ட மெல்லிய நெளிவுத் தூண்கள். நகத்தால் கீறினால் மாவாகும் பொருள், கடலின் அழுத்தத்தைத் தாங்குவது இந்தத் தூண்களால்தான். சுருள் இல்லை, குழாயும் நீண்டு ஓடவில்லை. அதற்குப் பதில் ஓட்டின் அடிப்பக்கம், பின்பாதியில், வரிவரியாகத் தெரிகிற பரப்பு முழுவதையும் ஒரு சவ்வு மூடியிருக்கும். ஒவ்வொரு வரியும் ஓர் அறையின் விளிம்பு. காரையில் ஒரு குழாய் செய்த வேலையை இங்கே அந்தச் சவ்வு செய்கிறது.

டென்டனும் கில்பின்-பிரவுனும் இதை அளந்தார்கள். ஓடு கணவாயின் கன அளவில் 9.3 சதவீதம், அதன் ஒப்படர்த்தி சுமார் 0.6, அது தரும் தூக்குவிசை விலங்கின் எடையில் சுமார் 4 சதவீதம். எஞ்சிய உடல் கடல்நீரைவிட எவ்வளவு கனமோ, அதற்குச் சரியாக ஈடு. திரவம் பெரும்பாலும் பின்பக்கத்துப் பழைய அறைகளில் தங்குவதால் உடலும் படுக்கைவாட்டில் நிற்கும். அறைகள் இவ்வளவு மெல்லியவை, சவ்வு இவ்வளவு அகலம் என்பதால் கணவாய்க்கு நாட்டிலஸிடம் இல்லாத வேகமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் அறைகளில் திரவத்தைச் சேர்த்துக் கனமாகி மணலுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டியதும் திரவத்தை வெளியேற்றி இலகுவாகி வேட்டைக்கு எழும்.

அக்கா பக்கத்திலிருந்த நீர் வாளியில் முழு ஓடு ஒன்றைப் போட்டுக் காட்டினார். "எவ்ளோ அழுத்துனாலும் மேல வந்துடும் பாரு." அழுத்திப் பார்த்தேன், வந்துவிட்டது. தம்பி அதை எடுத்துத் துடைத்து, பின்முனையில் முள்போல் நீட்டிக்கொண்டிருந்த கூரிய பகுதியைக் காட்டினார். "பெலம்னைட்டுக்கு இருந்த மாதிரியே ஒண்ணு, சின்னதா" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய கல்லூரியில் மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.