பீடித்தட்டும் முதுகும்

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் போகிற பஸ்ஸில் ஏறினால், பீடி சுற்றிய ஆச்சிமாரை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். பாவாடை கட்டிய வயதில் மடிக்கு வந்த தட்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் இறங்கவில்லை. இலை, தூள், நூல் என்று தலை கவிழ்ந்தபடியே பகல் போய்விடும். வீட்டுக்குள்ளேயே வேலை என்பதால் வெயிலும் மேலே படுவதில்லை. தீட்டு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாக மெலியும் காலத்தில் இதெல்லாம் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் ஒரு குடம் தண்ணீரைக் குனிந்து தூக்கினாலே முள்ளெலும்பு நசுங்கலாம். நசுங்கியது பலருக்குத் தெரிவதுகூட இல்லை. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள்.

என் பெரியம்மைக்கு எலும்புப்புரை என்று தெரிந்ததும் தெருவே வைத்தியம் சொன்னது: “நல்லா குனிஞ்சு நிமிந்து வேலை செய்யுங்க, எல்லாம் சரியாப் போவும்.” அதில் பாதிதான் சரி. ஆயுசு முழுக்கக் குனிந்தவளுக்கு இன்னும் குனியவா பயிற்சி?

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சினாகி என்ற மருத்துவர், முதுகெலும்பில் எலும்புப்புரை கண்ட 59 பெண்களைக் கவனித்து 1984இல் எழுதினார். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்திப் பழகியவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. முன்னால் குனிந்து பழகியவர்களில் 89 சதவீதம். பயிற்சியே செய்யாதவர்களுக்குக்கூட 67தான்! சின்ன ஆய்வுதான். ஆனாலும் காலை நீட்டி உட்காரவைத்துப் பெருவிரலைத் தொடச் சொல்லும் யோகா ஆசிரியர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எலும்பு, தன்மேல் ஏறும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம் பளு தூக்கவைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியிருந்தது. பக்கத்தில் ஆள் நின்று சொல்லிக்கொடுத்துச் செய்தது அது. ஏற்கெனவே எலும்பு ஒடிந்தவர்கள் அரிசி மூட்டையில் பரீட்சை பார்க்க வேண்டாம். சுவரில் முதுகும் தலையும் ஒட்ட நிற்பது, கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுவது, எதையாவது பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது என்று தொடங்கலாம். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார்.

குற்றாலத்தில் வேறொரு நம்பிக்கை. சாரல் விழுந்ததும் ஆச்சியைக் கூட்டிவந்து பேரருவிக்குக் கீழே குனிய வைத்து, “நல்லா அடி வாங்குங்க, வலியெல்லாம் பறந்துரும்” என்பார்கள். தண்ணீர் அடிப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெலிந்த முதுகு அந்த அடிக்கு ஏற்றதல்ல. பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். பிறகு எத்தனையோ பேர் பழையபடி நடப்பதே இல்லை. ஓரத்தில் நின்று நனைந்துவிட்டு வரலாம்.

இதையெல்லாம் பெரியம்மையிடம் சொன்னபோது ஒரே கேள்விதான் கேட்டாள்: “நிமிந்துகிட்டே இருந்தா பீடிய யாரு சுத்துவா?” ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சும்மா நிற்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. ஆனால் சுற்றியதைக் கொடுக்கக் கடையில் வரிசையில் நிற்கிறாளே, அதற்கும் காசு கிடையாதுதான். இப்போது அங்கேதான் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஏற்றி இறக்குகிறாள். கடைப் பையன் முறைத்தால், “தம்பி, நீ பீடிய எண்ணு. என் கால எதுக்குப் பாக்கே?” என்கிறாளாம்.