ஓசைக்கும் ஒரு குறிப்பு

படங்களுக்குக் குறிப்பெழுதுவதிலேயே எனது பத்திரிகை வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. ஓசைக்கும் குறிப்பெழுத நேரும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

எனது மருமகன் ஓசைகளைப் பதிவுசெய்து இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறான். கதவு திறக்கும் ஓசையையும் மழையோசையையும் திரைப்படம், கணினி விளையாட்டு தயாரிப்போர் விலைகொடுத்து வாங்குகிறார்கள். வாங்கியவர் தமது ஆக்கத்தில் அதனைச் சேர்க்கலாம். ஓசையை மட்டும் தனியே மறுவிற்பனை செய்யலாகாது. உரிமை பதிவுசெய்தவனிடமே இருப்பதால் ஒரே ஓசையை நூறு பேருக்கும் விற்கலாம். 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் அவன் பதிவுசெய்கிறான். பின்னர் வேகத்தைக் குறைத்து ஒலிக்கச் செய்தாலும் கூர்மை கெடாதாம்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றிப் பதிவுசெய்தான். டைனமோ பின்சில்லோடு உரசிக்கொண்டிருந்தது. கோப்புக்குச் 'சைக்கிள் சில்லு' என்று பெயரிட்டான்.

எனக்கோ அது சைக்கிளின் ஓசையன்று. 1990களில், யாழ்ப்பாணத்தின் மின்சாரமற்ற இரவுகளில், இவ்வாறுதான் ஒருவர் மிதியைச் சுழற்றுவார். டைனமோ தரும் மின்னில் வானொலி பேசும். சுற்றியிருந்து செய்தி கேட்போம். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். உடனே அடுத்தவர் மிதியை வாங்கிக்கொள்வார்.

இதைச் சொல்லி, குறிப்பில் சேர்க்குமாறு கேட்டேன்.

"மாமா, உதை ஆர் தேடப்போகினம்?" என்றான்.

"அந்தக் காலத்தைப் படமாக எடுக்கிறவன் தேடுவான். கிடைக்காவிட்டால் வேறெதையாவது போட்டுவிடுவான். பிறகு அதுதான் உண்மையாகிவிடும்" என்றேன்.

அவன் சிறிதுநேரம் பேசவில்லை. வாங்குவோர் சொற்களைக் கொண்டே ஓசையைத் தேடுகின்றனர் என்பது அவனுக்கு என்னைவிட நன்கு தெரியும். குறிப்பில்லாத ஓசை, பெயரெழுதாத பழைய புகைப்படம் போலக் கிடப்பில் கிடக்கும்.

"அப்ப நீங்களே சுத்துங்கோ மாமா" என்றான்.

மறுபடி பதிவுசெய்தோம். கை தளரும்வரை சுழற்றினேன். அந்நாளைவிட விரைவாகவே தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியையும் அவன் வெட்டாமல் விட்டிருக்கிறான். இடம், காலம், காரணம் ஆகியவற்றோடு நான்கு வரிக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

இன்னும் எவரும் வாங்கவில்லை. ஆயினும், தேடி வருபவருக்கு அது அங்கே இருக்கிறது.