எஞ்சினுக்கு எந்த கலர்?

கீழ்வேளூர் என்றால் எல்லோரும் கேடிலியப்பர் கோயிலுக்குத்தான் போவார்கள். நாங்கள் போனது ரயில்வே ஸ்டேஷனுக்கு! கூட வந்த நண்பர் மாடல் ரயில் பைத்தியம். நிஜ எஞ்சினில் 87-ல் ஒரு பங்கு அளவில் செய்கிறவர்.

"கிளிப்பச்சை அடிச்சா அழகா இருக்குமே சார்?" என்றேன்.

"இந்த லைன்ல அப்படி ஓடிச்சா? கற்பனை கலர் அடிச்சா அது வெறும் பொம்மைய்யா!" என்று சீறினார்.

நாகை - தஞ்சை ரயில் 1861-ல் வந்தது. முதலில் அகலப்பாதை, 1870-களில் மீட்டர் கேஜ், இப்போது மறுபடி அகலம். பாதையே மூன்று வேஷம் கட்டிய ஊர் இது!

நானும் கணக்குப் போட்டேன். அகலப்பாதை 1,676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல். ஆனால் அந்த அளவு மாடலுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மி.மீ.தான்.

"சார், உங்க அகலப்பாதை எஞ்சினுக்கு கலர் கரெக்ட், கால்தான் குறுகல்!"

மனிதர் அசரவில்லை. "தண்டவாளம் கடைக்காரன் தர்றது, சகிச்சுக்கறேன். கலர் என் கையில இருக்கு. அதுல எதுக்குப் பொய்?"

நியாயம்தான். மீட்டர் கேஜ் எஞ்சின் இனி இந்தப் பக்கம் கூவாது. அது எந்த கலரில் வந்தது என்று நாளைக்கு ஒரு பொடியன் கேட்டால், நண்பர் வீட்டு அலமாரிதான் சாட்சி சொல்ல வேண்டும்!