கணினியும் அத்தாவின் கணக்கும்

நாமக்கல்லில் நம் முட்டைக் கடைக் கணினி காலையில் கண்விழிப்பதற்குள் எதிர்க்கடையிலிருந்து வந்த தேநீர் ஆறிவிடும். அன்றைய விலையைக் கேட்க வந்தவர்கள், "என்ன பாய், பெட்டி இன்னும் தூங்குதா?" என்று கேலி பேசத் தொடங்கினார்கள். இது நடந்தது 2019-இல்.

கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அத்தாவின் பற்று வரவு ஏடுகளை இரவிரவாக அமர்ந்து அப்பெட்டியில்தான் ஏற்றியிருந்தோம். பின்னர் ஏடுகளைக் கரையான் அரித்தது, அத்தாவும் மறைந்தார். மறைந்தவரின் கடனைத் தீர்க்காமல் மக்கள் நிம்மதியாக உறங்க முடியுமா? அக்கடன் யார் யாருக்கு என்பதை அந்தப் பெட்டி ஒன்றே அறியும்.

சேலத்தில் படிக்கும் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். சிதறிக்கிடப்பவற்றை ஒழுங்குபடுத்தும் 'டிஃப்ராக்' வேலையை உடனே தொடங்கச் சொன்னோம். "முதல்ல நகல் எடுப்போம் மாமா. துடைக்கிறதெல்லாம் அப்புறம்" என்றான்.

அவன் விளக்கியது இது. ஹார்டு டிஸ்கினுள் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மீது ஒரு முனை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. இடம் நெருக்கடியானால் ஒரே கோப்பு துண்டு துண்டாகப் பல மூலைகளில் எழுதப்படும். ஒரே பண்ணையில் ஏற்ற வேண்டிய சரக்குக்கு லாரியைப் பத்துப் பண்ணைகளுக்கு அலையவிட்ட கதைதான்! 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். கொண்டதோ 50 இலட்சம் எழுத்துகளே. உருவம் சுருங்கியதே தவிர, சுழலும் தட்டு, தேடும் முனை என்ற முறை மாறவில்லை.

நகல் எடுக்கையில் ஓரிடத்தில் 'டிக் டிக்' என்ற ஓசை எழுந்தது. நம் நெஞ்சும் கூடவே அடித்துக்கொண்டது. தட்டின் நலத்தைக் காட்டும் 'ஸ்மார்ட்' குறிப்புகளைப் பார்த்தால், பழுதான பகுதிகள் பெருகியிருந்தன. மந்தத்திற்குக் காரணம் குப்பையன்று, நோய். டிஃப்ராக்கைத் தொடங்கியிருந்தால், சாகக்கிடக்கும் தட்டை மணிக்கணக்கில் ஓடவைத்து நாமே கொன்றிருக்கக்கூடும்.

நலமான தட்டாயின் வேலை எளிது. தற்காலிகக் கோப்புகளை 'டிஸ்க் கிளீனப்' கொண்டு நீக்கி, குப்பைத்தொட்டியைக் காலி செய்து, தொடக்கத்திலேயே தாமாக எழும் தேவையற்ற நிரல்களை நிறுத்த வேண்டும். தட்டில் ஓரளவு இடம் காலியாகவே இருக்கட்டும். அதன் பிறகே டிஃப்ராக். மின்வெட்டு மிகுந்த நம் ஊர்களில் யூபிஎஸ் இல்லாமல் கணினி வைப்பதை நாம் ஒப்பமாட்டோம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு சிதையும்.

இப்போது பரவலாகிவிட்ட 'எஸ்எஸ்டி'க்கு டிஃப்ராக் தேவையில்லை. அதில் சுழல்வது எதுவுமில்லை. எழுத எழுத அது தேய்கிறது. விண்டோஸே 'டிரிம்' என்னும் முறையால் அதைக் கவனித்துக்கொள்ளும். பழைய தட்டை அகற்றி எஸ்எஸ்டி பொருத்தினோம். அதே பெட்டி, தேநீரில் சர்க்கரை கரைவதற்குள் விழித்துக்கொண்டது.

நகலில் இரண்டு கோப்புகள் மட்டும் வரவில்லை. அவற்றில் இருந்த பெயர்களை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். பரமத்தி வேலூர்க் கடைக்காரர் ஒருவருக்கு அத்தா தர வேண்டியிருந்தது என்பது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அவர் பெயர்தான் இன்னும் பிடிபடவில்லை.