ஓடைக் கரையில் ஓர் உல்லாச சவாரி

கலிபோர்னியாவில், ஸான் ஹோஸே நகரை அடுத்துள்ள லாஸ் காட்டோஸ் ஓடைக் கரையில் சைக்கிள் சவாரி செய்ய நாம் எண்ணினால், காம்ப்பெல்லில் புறப்பட்டுத் தெற்கே மலையை நோக்கி மிதிப்பதே உசிதம். ஓடை வடதிசையாய் ஓடுவதால், போகையில் லேசான ஏற்றம்; களைத்துத் திரும்புகையில் இறக்கம். வாஸோனா ஏரிக்கரை நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். அப்பால் லெக்ஸிங்டன் அணையருகே ஏற்றம் கடுமையாகும். குழந்தைகளுடன் செல்வோர் ஏரியோடு திரும்புதல் நலம்.

வழியில் தென்படும் குளங்களை வெறும் அலங்காரமென்று எண்ணலாகாது. கிணறுகளிலிருந்து அளவின்றி இறைத்ததன் பயனாய், 1970-க்குள் ஸான் ஹோஸேயின் தரை சுமார் 13 அடி தாழ்ந்துவிட்டது. இக்குளங்களில் தேக்கும் நீர் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி ஊற்றை மீண்டும் நிரப்புகிறது. அங்கே சற்று இறங்கி நின்று, குழந்தைகளுக்கு இந்த வரவு செலவுக் கணக்கை விளக்கிவிட்டு, அப்புறம் மிதிப்போம்.