அத்தாவின் தோல் ஜெர்கின்



மத்ரஸாவில் தூய்மை பற்றிய பாடத்தில், தண்ணீரின் வகைகளை ஒட்டியே தோல் பதனிடுதல் பற்றிய பகுதியும் வந்துவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது சுவைக்காத பாடம். மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துப் போனதையும், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், செத்ததை உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கியதையும் சொல்லித்தான் அவர்களை உட்கார வைப்போம். தண்ணீரும் ‘கரழ்’ என்னும் மரப்பொருளும் தோலைத் தூய்மையாக்கும் என்று மற்றோர் அறிவிப்பில் வருகிறது. கரழ் என்பது வேறெதுவுமன்று; நம் சேலம், நாமக்கல் ஏரிக்கரைகளில் நிற்கும் கருவேலம்தான். (பின்னாளில் வந்து எங்கும் பரவிவிட்ட சீமைக் கருவேலம் வேறு.) அதன் காயிலும் பட்டையிலும் உள்ள துவர்ப்பே தோலை அழுகாமல் காக்கிறது. தென்னாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதே வேலையைச் செய்தன.

இந்தப் பாடம் சென்ற கார்த்திகையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. எங்கள் அத்தா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் சரக்கு ஏற்றினால் தில்லி, பஞ்சாப் என்று போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகும். குளிர்கால நடைகளில் அணிவதற்கென்று வடக்கே எங்கோ ஒரு சந்தையில் பழுப்பு நிறத் தோல் ஜெர்கின் ஒன்று வாங்கியிருந்தார். அவர் வஃபாத்தாகி இரண்டு ஆண்டுகளாக அது பரண்மேல் தகரப் பெட்டியில் கிடந்தது. இப்போது தம்பியும் அதே பாதையில் ஓட்டுகிறார். மார்கழியில் போட்டுக்கொள்ள அதைக் கேட்டார்.

எடுத்துப் பார்த்தால் அது மடிந்த நிலையிலேயே விறைத்திருந்தது. கையை நீட்டினால் மரப்பலகை போல் முறுக்கிக்கொண்டது. தோள்பட்டையில் பூஞ்சணம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆனால் அம்மாவின் கவலை வேறு. வடநாட்டுச் சந்தைகளில் பன்றித் தோல் உடையும் கலந்து விற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “இதைப் போட்டுக்கிட்டே வழியில தொழுதிருப்பாரே உங்க அத்தா, அந்தத் தொழுகையெல்லாம் கூடுமா?” என்று கேட்டார். அதைக் கேட்டபோது அவர் குரல் நடுங்கியது.

பதனிட்டாலும் பன்றித் தோல் தூய்மையாகாது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆடு, மாடு, எருமைத் தோல்களில் ஐயம் இல்லை. வெறும் சந்தேகத்தால் ஒரு பொருள் அசுத்தமாகிவிடாது என்பதை அம்மாவிடம் முதலில் சொன்னோம். ஆயினும், சட்டம் சொல்லி வாயடைப்பதைவிடக் கண்ணால் காட்டுவதே நல்லது என்று தோன்றியது. பன்றித் தோலின் மேற்பரப்பில் மயிர்க்கால் துளைகள் மூன்று மூன்றாக, முக்கோணம் போலக் கூடியிருக்கும். உள்பக்கத்திலும் துளைகள் தெரிவதுண்டு. பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். கையால் தடவியவுடனே அவர் “செம்மறித் தோல் பாய்” என்றார். பூதக்கண்ணாடி வைத்து நாங்களும் பார்த்தோம். அந்த மூன்று புள்ளி எங்கும் இல்லை. அம்மாவையும் பார்க்க வைத்தோம். அன்றிரவு அவர் நெடுநேரம் துஆவில் இருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. மய்யித்தின் உடையும் வாரிசுச் சொத்தே. அம்மாவுக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகன்களுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. ஜெர்கினை அப்படி வெட்ட முடியாது! கோயம்புத்தூரில் இருக்கும் தங்கையிடம் தொலைபேசியில் கேட்டோம். மனமுவந்து விட்டுக்கொடுத்தார். பழைய சட்டைதானே என்று நம் குடும்பங்களில் பெண்பிள்ளைகளைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். அது சரியன்று.

இனி வேலைக்கு வருவோம். தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். பதனிட்ட பின் தொழிற்சாலையில் அதற்கு எண்ணெயூட்டுவார்கள். அந்த எண்ணெய்தான் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவுகிறது. காலப்போக்கில், அதுவும் நம் சேலத்துக் கோடையில் தகரப் பெட்டிக்குள், எண்ணெய் குறைந்து நார்கள் ஒட்டிக்கொள்கின்றன. அதுவே விறைப்பு. ஆகவே இழந்த எண்ணெயைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதலில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளி முற்றத்தில் பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் தட்டினோம். பிழிந்த ஈரத்துணியில் சிறிது மென்மையான சோப்பு தொட்டுத் துடைத்து, வெறும் ஈரத்துணியால் மீண்டும் துடைத்தோம். அகன்ற ஹேங்கரில் நிழலில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டோம். வெயில் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் கூடாது. ஈரத்தோடு சூடு சேர்ந்தால் தோல் சுருங்கிவிடும். பிறகு அது திரும்பாது.

எந்த எண்ணெய் என்பதில்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் மிங்க் எண்ணெய் என்பது மிங்க் என்ற ஊனுண்ணி விலங்கின் கொழுப்பு. நீட்ஸ்ஃபுட் என்பது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, அறுத்த முறை நமக்குத் தெரியாது. செம்மறி உரோமத்தின் மெழுகான லேனோலின் கலந்த பசையே எங்களுக்கு மனநிறைவாக இருந்தது. புதுச் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய் தடவுவது நம் வழக்கம். ஆமணக்கு விளையும் ஊரல்லவா! பதப்படுத்திய ஆமணக்கெண்ணெயைத் தோல் தொழிற்சாலைகளும் பயன்படுத்துகின்றன. ஆனால் உடைக்கு நேரடியாகப் பூசினால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும்.

காலரின் உள்பக்கம் ஒரு துளி தடவி நிறம் எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்த பிறகே மற்ற இடங்களில் தொட்டோம். மெல்லிய பூச்சு, ஒரு நாள் இடைவெளி, மறுபடி மெல்லிய பூச்சு. நான்கு முறை. ஒவ்வொரு முறையும் முழங்கை, தோள், இடுப்புப் பகுதிகளைக் கையால் மெல்ல மடக்கி நீட்டினோம். முதல் நாள் சற்றும் அசையவில்லை. மூன்றாம் நாள் கை மடங்கியது. மீதியைத் தம்பி வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்தே பழக்கினார். தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட நபியின் உம்மத்துக்கு இந்த வேலை குறைவானதல்ல.

எல்லாத் தோலும் இப்படித் திரும்பிவிடாது. பட்டையில் பதனிட்ட பழந்தோல் சில சமயம் செந்தூளாக உதிரத் தொடங்கும். அதை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. ரெக்ஸின் உரிந்தால் அவ்வளவுதான்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டில் தலைமுறைகளாக இத்தொழிலை நடத்தியவர்களில் நம் சமுதாயத்தினர் மிகுதி. அந்த வட்டாரத்தில்தான் 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் 1924இல் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும் தோன்றின. அதே தொழிலின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததும், 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்ததும் உண்மை. இத்தனை விலை கொடுத்து வந்த ஒரு தோலாடையைப் பூஞ்சணத்துக்கு விட்டுவிட்டுப் புதிது வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தம்பி மார்கழி முதல் வாரம் அதை அணிந்து புறப்பட்டார். இடது முழங்கையில் ஒரு விரல் நீளத்துக்கு விழுந்த கீறல் மட்டும் அப்படியே உள்ளது. விட்டுப்போன தோலை எண்ணெய் ஒட்டாது. உள்ளிருந்து ஒரு துண்டு வைத்துத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். இந்த நடை முடிந்து வந்ததும் கொடுக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.